பதினோரு பேருக்கு மட்டும் நரைத்த படச்சுருள்

துறைமுகத் திடலில் எடுத்த எழுபத்திரண்டு வினாடிச் செய்திப்படம் ஒன்றில் பதினோரு பேருக்கு மட்டும் வருடா வருடம் வயது கூடிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த மற்ற நானூறு பேர், ஓரமாக நின்ற போலீஸ்காரர்கள், குறுக்கே ஓடிய நாய் எல்லாரும் எடுத்த அன்று எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். இதை முதலில் கவனித்தவர் செய்திப்பட இலாகாவின் கிடங்குக் காப்பாளர். ஒன்பதாவது வருடம், பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சுருளை ஓட்டியபோது பதினோரு தலைகளிலும் காதோரம் வெள்ளை தெரிந்தது. தூசி என்று நினைத்து இரண்டு முறை துடைத்துப் பார்த்தார்; போகவில்லை. பதிவேட்டில் இதற்கென்று தனிக் கட்டம் இல்லாததால், 'பழுது' என்ற கட்டத்தில் 'பதினோரு நபர்களுக்கு நரை; மற்றபடி சுருள் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். எட்டு மாதம் கழித்து, வெப்பம் காரணமாக இருக்கலாம், குளிரறைக்கு மாற்றவும் என்று பதில் வந்தது. மாற்றினார். அடுத்த வருடம் அந்தப் பதினோரு பேரில் இடமிருந்து மூன்றாவது ஆள் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். அதற்குப் பிறகு காப்பாளர் இது பற்றி யாருக்கும் எழுதவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒளிப்பதிவாளர். கேமராவுக்குள் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கும்போதுகூட ஒரு கண்ணை மூடிக்கொள்வார் என்பதால் உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஒற்றைக்கண்ணர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று புதிய கப்பல் துறையை அமைச்சர் திறந்துவைத்தார். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டு எதிர்த் திடலில் தொழிலாளர்கள் கூடி நின்றார்கள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது என்பது உத்தரவு. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒளிப்பதிவாளரின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், தம்பியைப் படிக்கவைத்தவர், கேமரா பிடிக்கும் தம்பி என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தவர். அமைச்சர் பேசி முடித்துத் தண்ணீர் குடித்த இடைவெளியில் தம்பி நீள லென்ஸை மாட்டி, அண்ணனைத் தேடிப் பிடித்து, அவர் முகம் தெளிவாக விழும்படி கூர்மை வைத்து எழுபத்திரண்டு வினாடி ஓட்டினார். அண்ணன் தம்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தொலைவை இழுத்துக் காட்டும் நீள லென்ஸில் ஒரு சங்கதி உண்டு. ஒரு முகத்துக்குக் கூர்மை வைத்தால், அந்த முகத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறவர்கள் மட்டும்தான் தெளிவாக விழுவார்கள்; ஓரடி முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் கலங்கிப்போவார்கள். அண்ணனின் வரிசையில் அவரையும் சேர்த்துப் பதினோரு பேர் நின்றார்கள்.

அந்தத் துண்டு எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை. போலீஸ்தான் வந்து இரவல் வாங்கிப்போனது. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, 'சேதமின்றித் திருப்பி ஒப்படைக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வாரம், முகம் தெளிவாகத் தெரிந்த பதினோரு பேரையும் வீடு வீடாகப் போய் லாரியில் ஏற்றினார்கள். கலங்கிப்போன நானூறு பேரை யாரும் தேடவில்லை. பதினோரு பேரும் தங்கள் விருப்பப்படி கப்பலேறி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அரசாங்கம் அறிக்கை விட்டது. பல வருடம் கழித்து ஒரு விசாரணைக் குழு அமைந்தபோது, எப்படியோ காப்பாளரின் பழைய கடிதம் வெளியே வந்தது. அரசாங்கத் தரப்பு வக்கீலின் உற்சாகத்தைக் கேட்க வேண்டுமா. சுருளைக் குழுவுக்கு முன்னால் ஓட்டிக் காட்டி, "செத்தவனுக்கு எங்கேயாவது நரைக்குமா?" என்று கேட்டார். குழுவினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு முறை பார்த்தார்கள். நரை இருந்தது. பதினோரு பேரும் எங்கேயோ நலமாக வாழ்கிறார்கள் என்று எழுதி விசாரணையை மூடினார்கள்.

அரசாங்கத்தை ஒருநாளும் நம்பாத அண்ணி, அந்த ஒரு வரியை மட்டும் நம்பினார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். வருடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தலைவாரி, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிடங்குக்கு வருவார். ஒளிப்பதிவாளர் கூட வருவார். காப்பாளர் சின்னத் திரையில் சுருளை ஓட்டுவார். எழுபத்திரண்டு வினாடியில் ஒரு வருடத்து மாற்றங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்பதால் அண்ணி கண் சிமிட்டமாட்டார். "இளைச்சிருக்கார் தம்பி," என்பார். இன்னொரு வருடம், "கண்ணாடி போட்டுட்டார். மாமாவுக்கும் நாப்பத்திரண்டுலதான் வந்துச்சு," என்பார். ஐம்பத்தெட்டாவது வயதில் அண்ணனுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அந்த வருடம் அவர் சிரித்தபோது அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். தனக்குச் சர்க்கரை வந்த வருடம் அவருக்கும் வந்திருக்குமோ என்று கவலைப்பட்டார். ஊரில் எத்தனையோ பெண்கள் கூடவே இருக்கிற புருஷனின் முகத்தை வருடத்துக்கு எழுபத்திரண்டு வினாடி சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை என்று காப்பாளர் தன் வீட்டில் சொல்லி, அதற்குத் தகுந்த பேச்சும் வாங்கிக்கொண்டார்.

ஒளிப்பதிவாளர் அந்த எழுபத்திரண்டு வினாடியும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூர்மை வைத்தது தன் கை. அதை அவர் அண்ணியிடம் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கி மென்று முழுங்கிய சந்தர்ப்பங்கள் அவர் கணக்கிலேயே இருபதுக்கு மேல் இருக்கும். இலாகாவை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனார்; முப்பத்தெட்டுப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். அவர் படங்களில் முன்னால் நிற்கும் கதாநாயகியும் பின்னால் தெருமுனையில் சைக்கிளைப் பூட்டுகிறவனும் ஒரே தெளிவோடு இருப்பார்கள். அதற்காக இரண்டு பங்கு விளக்குப் போட்டு நடிகர்களை வேகவைத்தார். பத்திரிகைகள் அதைப் புதிய பாணி என்று எழுதின, விருதுகூட ஒன்று கொடுத்தார்கள். பாணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீள லென்ஸை அவர் கையால் தொடுவதே இல்லை, அவ்வளவுதான்.

அறுபத்தோராவது வயதில், இனி அடுத்தவர் படத்துக்குக் கேமரா பிடிப்பதில்லை, நானே ஒரு படம் இயக்கப்போகிறேன் என்று அறிவித்தார். கதையில்லை, பாட்டில்லை, இந்தச் சமூகம் அறுபது வருடமாக எப்படி வாழ்ந்தது என்று காட்டும் ஆவணப் படம். வேலை வெட்டி இல்லாமல் இது என்ன விபரீத ஆசை என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர் சொல்லாத காரணம் சுலபமானது. ஒளிப்பதிவாளராக இருக்கிறவரை 'சொன்னார்கள், எடுத்தேன்' என்று தப்பித்துவிடலாம். டைரக்டருக்கு மேலே கை காட்ட ஆள் கிடையாது. நான்கு வருடம் அலைந்தார். இலாகாவின் பழைய சுருள்களைச் சல்லடை போட்டுச் சலித்தார். அரிசிக்கு நின்ற வரிசைகள், தெருவுக்கு ஒன்றாக வந்த தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுற்றிச் செருப்போடு உட்கார்ந்திருந்த கூட்டம், ஊரடங்கு நாளில் மொட்டைமாடி விட்டு மொட்டைமாடிக்குக் கயிற்றில் போன பால் தூக்கு, இடிந்த பாலம், அதே பாலத்தை மூன்று முறை திறந்துவைத்த மூன்று அமைச்சர்கள், மில் மூடிய அன்று யாருக்கும் இல்லாமல் ஊதிய சங்கு எல்லாம் கிடைத்தன. வாழ்ந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்தார். துறைமுகத்தின் பக்கம் மட்டும் போகவில்லை.

படத்தைத் தொகுத்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. படமானாலும் பேச்சானாலும் வேண்டாததை நறுக்கிவிடுவார் என்பதால் தொழிலில் அவரைக் கத்தரியம்மா என்பார்கள். இரண்டரை மணி நேரத்தைத் தொகுத்து முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "எல்லாம் இருக்கு சார். ஆனா நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. நீங்க அதைச் சுத்திச் சுத்தி வர்றீங்க, உள்ள எட்டிப் பார்க்க மாட்டேங்கறீங்க," என்றார். ஒளிப்பதிவாளர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு எழுபத்திரண்டு வினாடியின் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரதியிலும் அதே நரைதான், அதே மப்ளர்தான்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, அடுத்த மாதம் ஒரு கிழவர் தொகுப்புக்கூடத்தின் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தார். பதினோரு பேரையும் ஏற்றிப்போன லாரியை ஓட்டியவர். முகத்தை இருட்டில் வைத்து எடுக்கலாம் என்று ஒளிப்பதிவாளர் சொன்னபோது, "வேண்டாங்க, வெளிச்சம் போடுங்க. இவ்வளவு நாள் மறைச்சு வச்சதே போதும்," என்றார். வெளிச்சம் போட்டார்கள். டிரைவர் அழவில்லை, பாதை சொல்வதுபோலச் சொன்னார். "பதினோரு பேரை ஏத்துனேன். பழைய கல்குவாரிக்குப் போகச் சொன்னாங்க, போனேன். இறக்குனாங்க. என்னை வண்டியிலயே இருக்கச் சொல்லிட்டாங்க. சத்தம் கேட்டுச்சு. திரும்பி வரும்போது வண்டி ரொம்ப லேசா வந்துச்சுங்க. ஸ்டியரிங் பிடிச்ச கையில அந்த லேசு இன்னும் அப்படியே இருக்கு." சொல்லிவிட்டு உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கத்தரியம்மா அந்தப் பேச்சை எழுபத்திரண்டு வினாடிக்குப் பக்கத்தில் வைத்து ஒட்டி ஓட்டினார். திரையில் பதினோரு பேரும் இளைஞர்களாகிவிட்டார்கள். நரை இல்லை, கண்ணாடி இல்லை, அண்ணனுக்குப் பல் வரிசை முழுதாக இருந்தது. கத்தரியம்மா ஒட்டைப் பிரித்து மறுபடி ஓட்டினார். எழுபது வயது அண்ணன் பொக்கையாகச் சிரித்தார். மூன்று முறை ஒட்டியும் பிரித்தும் பார்த்தபின், கணினியில் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, "சேர்த்தா இளசாயிடறாங்க, பிரிச்சா வயசாயிடறாங்க. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். டைரக்டர் நீங்கதானே," என்றார்.

ஒளிப்பதிவாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒட்டினால் உண்மை, கூடவே, அண்ணி வருடா வருடம் வந்து பார்த்த மனிதர் அந்த நிமிடமே இல்லாமல் போய்விடுவார். ஒட்டாவிட்டால் அண்ணன் நரைத்துக்கொண்டே இருப்பார், அரசாங்கத்தின் பொய்யும் அவரோடு சேர்ந்து ஆயுசாக வாழும். ஒன்பது நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பத்தாவது நாள் மதியம் அண்ணியின் வீட்டுக்குப் போனார். இரண்டாவது மாடி, ஒரு அறையும் சமையலறையும். அண்ணி தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர் எதிரே உட்கார்ந்து, டிரைவர் சொன்னதையும், அதைச் சுருளோடு ஒட்டினால் திரையில் அண்ணன் இளைஞராகிவிடுவதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பிறகு, கூர்மை வைத்தது யார், எதனால் பதினோரு பேர் மட்டும் தெளிவாக விழுந்தார்கள் என்பதையும் சொன்னார். நாற்பத்தொரு வருடமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வர நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி கையிலிருந்த காயை உரித்து முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

"அன்னைக்குக் காலையில வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, 'கூட்டத்துல அவர் இருப்பார், முகம் நல்லாத் தெரியற மாதிரி எடுங்க தம்பி, நான் தியேட்டர்ல பார்க்கணும்'னு உங்ககிட்டச் சொன்னது யாரு?"

ஒளிப்பதிவாளர் அதை மறந்திருக்கவில்லை. அண்ணி மறந்திருப்பார் என்று நம்பி, அந்த நம்பிக்கையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அண்ணியும் அதே காரியத்தைத்தான் அவர் விஷயத்தில் செய்துகொண்டிருந்தார். ஒரே சுமையை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, மற்றவருக்குத் தெரியாது என்று இருவரும் நாற்பத்தொரு வருடம் தூக்கி நடந்திருக்கிறார்கள். அண்ணி அழுதார். ஒளிப்பதிவாளரும் அழுதார். பட்டாணி முறத்தில் கிடந்தது. அழுது முடித்துப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி கேட்டார்.

"ஒட்டிட்டா திரும்பப் பிரிக்க முடியாதா?"

"முடியும் அண்ணி. ஆனா பிரிச்சா அது படம் இல்ல."

"அப்ப, ஒட்டறதுக்கு முன்னாடி ஒருதரம் நான் பார்த்துட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை தொகுப்புக்கூடத்துக்கு வந்தார். தலைவாரியிருந்தார். கத்தரியம்மா படத்தை ஓடவிட்டு, தான் வெளியே போவதா உள்ளே இருப்பதா என்று தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அண்ணி மூன்று முறை பார்த்தார். முதல் முறை கண் சிமிட்டாமல் பார்த்தார். இரண்டாவது முறை, கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள் என்றும், முழங்கால் வலிக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்றும் திரையிடம் சொன்னார். மூன்றாவது முறை அண்ணன் பொக்கையாகச் சிரித்தபோது, "சரி, போயிட்டு வாங்க," என்றார். பிறகு கத்தரியம்மாவைப் பார்த்து, "ஒட்டிடுங்கம்மா," என்றார்.

ஆனால் அந்த ஒட்டுக்கு நடுவே இன்னும் ஒரு துண்டு தேவைப்பட்டது. ஒளிப்பதிவாளர் முதல்முறையாகக் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களை உட்காரவைத்தவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான்தான் கூர்மை வைத்தேன், இன்னாருக்காக வைத்தேன், இப்படி ஆயிற்று என்று சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டதைச் சொல்லவில்லை. பூசி மெழுகாமல் எடுத்த படத்தில் அவர் மறைத்தது அது ஒன்றைத்தான்.

முதல் காட்சி ஒரு பகல் நேரத்தில், பழைய தொழிற்சங்க அரங்கில் நடந்தது. பதினோரு குடும்பங்களும் முதல் இரண்டு வரிசையில் இருந்தார்கள். எழுபத்திரண்டு வினாடி வந்தபோது, ஐம்பது வயது மகன்கள் தங்களைவிட இருபது வயது சின்ன அப்பாக்களைப் பார்த்தார்கள். அண்ணி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "இவ்வளவு சின்னப் பையனா இருந்தார்?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். கூடவே வயதான ஒருவரைத்தான் அவர் இத்தனை வருடமாகத் தெரிந்து வைத்திருந்தார். இந்த இருபத்தொன்பது வயதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லார் முன்னாலும், நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதார்.

படம் முடிந்ததும் மப்ளர்காரரின் மகள் ஒளிப்பதிவாளரிடம் வந்தாள். "உங்க அண்ணன் முகம் தெரியணும்னு நீங்க எடுத்தீங்க. சரி. எங்கப்பா என்ன பண்ணினார்? அங்க நின்னார், அவ்வளவுதானே?" என்று கேட்டாள். அவர் "ஆமாம்மா" என்றார். அவள் வேறு பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போனாள். அதன் பிறகு அவள் அவரோடு பேசியதே இல்லை. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வாரம், காட்சி நடுவில் கைத்தடியோடு ஒருவர் எழுந்து, "கிரேன் அண்ணனுக்குப் பின்னாடி கலங்கலா நிக்கறது நான்தாங்க. ஒளிஞ்சு வாழ்ந்துட்டேன்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் திரையில் அந்தக் கலங்கலுக்கு மூக்கும் மீசையும் வந்து முகம் தெளிந்தது. செய்தி பரவி, ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு பேர், ஐந்து பேர் என்று வரத் தொடங்கினார்கள். எழுந்து நின்று தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். சொன்னவர் முகம் தெளிந்தது. லென்ஸ் கம்பெனி நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, எந்த லென்ஸாலும் இது முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருட முடிவில் திடலில் நின்ற அத்தனை பேரையும் அடையாளம் சொல்ல முடிந்தது. கடைசியாக, ஓரத்தில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் தெளிந்தார்கள். விசாரணையை மறுபடி திறந்தார்கள். குவாரியைத் தோண்டினார்கள்; டிரைவர் காட்டிய இடத்தில்தான் பதினோரு பேரும் இருந்தார்கள்.

குளிர்காலம் முடிந்து ஒரு திங்கட்கிழமை, அண்ணி நகராட்சி அலுவலகத்துக்குப் போய் இறப்புப் பதிவுப் படிவம் வாங்கி, நின்றபடியே நிரப்பினார். இறந்தவரின் வயது என்ற இடத்தில் இருபத்தொன்பது என்று எழுதினார். விண்ணப்பதாரரின் வயது அறுபத்தெட்டு. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மகனாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. வீட்டுக்காரர்."

பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர் சார்," என்றார். ஜன்னல்காரர் தலையாட்டிவிட்டு, முத்திரையை மையில் ஒற்றிப் படிவத்தில் குத்தினார்.